ஒன்பதாம் எண் கதவு

பாம்பெர்க்,
12 மே 1998

அன்புள்ள ஹென்ரிக்கே,

நீ லூபெக்குக்குப் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. நடுவில் இரண்டு கடிதம் போட்டாய், நான் பதில் போடவில்லை. கோபம் வந்தால்தான் எனக்குக் கை எழுதும் என்று உனக்குத் தெரியும். இப்போது வந்திருக்கிறது.

நேற்று முற்றத்தில் முள்ளங்கி கழுவிக்கொண்டிருந்தேன். தோட்டத்துக் கதவு கிறீச்சென்று கத்தியது. நிமிர்ந்து பார்த்தால் முதுகுப்பையும் மழைச்சட்டையுமாக ஒரு ஜோடி நிற்கிறது. "யாரு வேணும்?" என்றேன். "நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்க, நாங்க சும்மா பாத்துட்டுப் போயிடறோம்" என்கிறான் அந்த ஆள். என் வீட்டில் நின்றுகொண்டு எனக்கே உத்தரவு கொடுக்கிறான்! "இது என்ன மிருகக்காட்சிசாலையா?" என்று கேட்டேன். அவன் பெண்டாட்டி கையிலிருந்த புத்தகத்தை நீட்டினாள். "இதுல போட்டிருக்கே, ஒன்பதாம் எண்."

அட்டையில் உன் பெயர். ‘பாம்பெர்க்: தனியாக ஒரு நடை. பதினான்கு இடங்கள்.’ அந்தப் பெண்ணிடமிருந்து பிடுங்காத குறையாக வாங்கிப் படித்தேன். பேராலயம், ஆற்று நடுவில் நகரமன்றம், சந்தை நீரூற்று எல்லாம் சரி, அதெல்லாம் ஊர்ச் சொத்து. எட்டுக்கு அப்புறம் பக்கத்தைத் திருப்பினால் என் வீடு.

"தோட்டக்காரர் தெருவில் ஒரு பச்சைக் கதவு. இருபத்தேழு ஆண்டுகளாக இது பூட்டப்படவில்லை. ஊர்வலத்தின் நடுவே புனிதரின் சுரூபத்தைத் தோளிலிருந்து இறக்கி வைத்துவிட்டு வீட்டைவிட்டுப் போன மகனுக்காக ஒரு தாய் இதைத் திறந்தே வைத்திருக்கிறாள். மெல்லத் தள்ளுங்கள். கதவு கிறீச்சிடும். உள்ளேயிருந்து ஒரு பெயர் கேட்கும்."

பெயரையும் போட்டிருக்கலாமே, அது மட்டும் எதற்குப் பாக்கி? கங்கோல்ஃப் என்று கொட்டை எழுத்தில் போட்டு என் தம்பியின் படத்தையும் ஒட்டியிருக்கலாம்.

இந்தக் கதையை நான் உனக்கு எப்போது சொன்னேன் என்று ஞாபகம் இருக்கிறதா? நீ இங்கே இருந்தபோது ஒரு நாள் வேலை முடிந்து, குன்றுக்குள் குடைந்த பீர் நிலவறைகளுக்கு மேலே மரத்தடியில் மேசை போட்டிருப்பார்களே, அங்கே குடிக்கப் போனோம். "நிலவறைக்குள்ள போலாமா?" என்று கேட்டாய். பக்கத்து மேசைக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "ஏன்டி அம்மா, எங்க ஊர்ல நிலவறைக்குள்ள பீப்பாய்தான் போகும், மனுஷங்க நிலவறைமேல போவோம்" என்றேன். சிரித்துச் சிரித்து உனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஐந்து வருஷமாக ஒருவரையொருவர் ‘நீங்கள்’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். அன்றைக்குத்தான் மூத்தவள் என்ற முறையில் உனக்கு ‘நீ’யைக் கொடுத்தேன். கையோடு கை கோத்துக் குடித்தோம். அதற்கப்புறம்தான் கங்கோல்ஃபைப் பற்றிச் சொன்னேன். அப்பா ஊர்வலத்தில் அத்தனை பேர் முன்னால் அவனை அறைந்தது, அவன் நேரே வீட்டுக்கு வந்து பையை எடுத்துக்கொண்டு போனது, அம்மா அன்றைக்கே அப்பாவிடம் "இந்தக் கதவுக்கு இனிமே பூட்டு கிடையாது" என்று சொன்னது. அப்பா செத்து எத்தனையோ வருஷம் ஆகியும் அந்தப் பேச்சு மாறவில்லை. ‘நீ’ போட்டுப் பேசும் ஆளிடம்தான் இதையெல்லாம் சொல்வார்கள். அச்சடிப்பவளிடம் சொல்ல மாட்டார்கள்.

ஒன்பதாம் எண்ணை எடுத்துவிடு. அவ்வளவுதான் கேட்கிறேன்.

வால்புர்கா


லூபெக்,
20 மே 1998

அன்பு வால்புர்கா,

உன் கையெழுத்தை உறையில் பார்த்ததும் எனக்கு உண்டான சந்தோஷம் முதல் பக்கம் தாண்டும் வரைகூட நிற்கவில்லை.

உனக்கு வருத்தம் வரும் என்று நான் நினைக்கவே இல்லை. நம்பினால் நம்பு. பெயர் போடவில்லை, வீட்டு எண் போடவில்லை. தெருவையும் ஒரு பச்சைக் கதவு என்பதையும் மட்டும்தான் எழுதினேன். நம் ஊரில் பச்சைக் கதவுக்கா பஞ்சம்? (பார், இன்னும் ‘நம் ஊர்’ என்றுதான் எழுத வருகிறது. நீங்கள் யாரும் என்னை அந்த ஊர்க்காரியாக ஒப்புக்கொண்டதில்லை என்பது வேறு விஷயம்.)

நியாயமாகச் சொல். பேராலயத்தைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? கல்லைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். வெளியூரிலிருந்து வருகிறவன் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தனியாக நடக்கிறான். கூட வந்து கதை சொல்ல ஆள் இல்லை. கல், கல், கல் என்று எட்டு இடம் பார்த்துக் கால் வலிக்கிற நேரத்தில் அவனுக்கு ஒரு மனுஷ வீடு வேண்டும். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு அழுதேன் என்று எத்தனை பேர் பதிப்பகத்துக்கு எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? உன் அம்மாவை நான் கேலி செய்யவில்லை. மரியாதையாகத்தான் எழுதினேன்.

அச்சடித்தது அச்சடித்ததுதான். பிரதிகள் கடைகளுக்குப் போய்விட்டன. அடுத்த பதிப்பு வரும்போது பதிப்பகத்தாரிடம் பேசுகிறேன். அதுவரை ஒரு யோசனை: கதவுக்கு வேறு வண்ணம் அடித்துவிடேன். பழுப்பு அடித்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

அம்மாவுக்கு என் வணக்கம்.

உன் ஹென்ரிக்கே


பாம்பெர்க்,
29 ஜூன் 1998

ஹென்ரிக்கே,

வண்ணம் அடிக்க வேண்டுமா? என் கதவுக்கு நான் ஏன் வேஷம் கட்ட வேண்டும்? நீ பொய் சொல்லியிருந்தால் நான் வண்ணம் அடித்திருக்கலாம், நீ எழுதியதெல்லாம் உண்மையாயிற்றே.

இங்கே தினம் என்ன நடக்கிறது என்று கேட்டுக்கொள். அம்மாவுக்குப் போன குளிர்காலத்தோடு பார்வை போய்விட்டது, நிழல் மட்டும் தெரிகிறது. முற்றத்துப் பக்கத்து அறையில் நாற்காலியில் உட்கார்ந்தபடி ஜெபமாலை உருட்டுகிறாள். கதவு கத்துகிறது. "யாரு? கங்கோல்ஃபா?" என்கிறாள். வந்தவர்கள் அப்படியே நின்று கேட்கிறார்கள். ஒருத்தரும் பதில் சொல்வதில்லை. சிலர் மூக்கைச் சிந்துகிறார்கள். அப்புறம் பத்தாம் எண்ணைத் தேடிப் போய்விடுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் அடுத்தவர்கள். மறுபடி "யாரு? கங்கோல்ஃபா?" முன்னேயெல்லாம் மாதத்துக்கு ஒரு தடவை கேட்ட கேள்வி இது, இப்போது காலையிலிருந்து இதே கேள்வி.

போன வாரம் ஒரு அம்மாள் என்னிடம் வந்து, "நாங்க மூணு தடவ தள்ளினோம், ஒண்ணுமே கேக்கலையே, இன்னிக்கு இல்லையா?" என்றாள். "கோயிலுக்குப் போயிருக்காங்க, நாலு மணிக்கு வாங்க, பாட்டும் சேத்துப் பாடுவாங்க" என்றேன். நன்றி சொல்லிவிட்டுப் போனாள், ஹென்ரிக்கே. நாலு மணிக்கு வந்தும் நின்றாள்!

எங்கள் வீட்டு ஆள் யாரும் அந்தக் கதவைக் கத்தவிட மாட்டோம். எங்களுக்கு அது கைவந்த வேலை. கத்தினால் வந்திருப்பது வெளி ஆள். அம்மாவுக்கும் அது தெரியும், தெரிந்தும் ஆசைக்கு எப்போதாவது ஒரு தடவை கேட்டுப் பார்ப்பாள். ஆனால் பார்வையோடு சேர்ந்து அந்தத் தெளிவும் போய்விட்டது. இப்போது எந்தச் சத்தமும் அவளுக்கு அவன்தான்.

பூட்டிவிடலாமா என்று கேட்டேன். என் குரல் வந்த திசையில் கையிலிருந்த ஜெபமாலையையே விட்டெறிந்தாள். "நான் உசுரோட இருக்கற வரைக்கும் பூட்டு கீட்டுன்னு பேச்செடுத்தே, தொலைச்சிடுவேன். அவன் வந்து பூட்டுன கதவ பாத்துட்டுப் போகணுமா?"

ஆகவே பூட்ட முடியாது. நீ எடுத்தால்தான் உண்டு. கடைகளிலிருந்து திருப்பி வாங்கு. பக்கத்தைக் கிழி. என்ன செய்வாயோ செய்.

வால்புர்கா


லூபெக்,
9 ஜூலை 1998

அன்பு வால்புர்கா,

பதிப்பகத்தாரிடம் பேசினேன். சிரித்தார்கள். ஒன்பதாம் எண்ணுக்காகத்தான் புத்தகம் விற்கிறது என்கிறார்கள். கடைகளிலிருந்து திரும்ப வாங்குவது நடக்காத காரியம்.

‘தனியார் வீடு, உள்ளே வராதீர்கள்’ என்று ஒரு பலகை மாட்டலாமே? நம் நாட்டில் பலகைக்குக் கட்டுப்படாத ஆள் உண்டா?

ஒன்று சொல்ல வேண்டும், கோபப்படாமல் கேள். நீயும் உன் அம்மாவும் இருபத்தேழு வருஷம் கதவைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தீர்கள். அவனைத் தேடி யாராவது ஒரு அடி எடுத்து வைத்தீர்களா? செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதினீர்களா? ஒரு விளம்பரம்? இந்தப் புத்தகம் ரயில் நிலையத்துக் கடைகளில் கிடக்கிறது, ஹென்ரிக்கே என்கிற வெளியூர்க்காரியால். எங்கோ ஒரு நடைமேடையில் அவன் கையில் அது விழாது என்று உன்னால் சத்தியம் செய்ய முடியுமா? அதை எழுதும்போது எனக்கு அந்த நினைப்பும் இருந்தது. அதுதான் முதல் நினைப்பு என்று சொல்ல மாட்டேன், இருந்தது.

உன் ஹென்ரிக்கே


பாம்பெர்க்,
3 செப்டம்பர் 1998

மதிப்புக்குரிய ஹென்ரிக்கே அம்மையாருக்கு,

பலகை மாட்டினேன். பலகையோடு சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

போன வாரம் ஆற்றங்கரைத் திருவிழா. ஊர் முழுக்கக் கூட்டம். நான் சந்தையில் கடை போட்டிருந்தேன். மத்தியானம் வீட்டுக்கு வந்தால் அம்மாவின் அறையில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறான். ஐம்பது வயதிருக்கும். அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். மேசைமேல் தட்டு. நான் காலையில் அவளுக்குச் செய்து வைத்துவிட்டுப் போன கறி அடைத்த வெங்காயத்தை அவன் தின்று முடித்து வாயைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"வால்புர்கா, பாத்தியா, வந்துட்டான்" என்றாள் அம்மா. "எப்படி இளைச்சுட்டான் பாரு."

எனக்கும் ஒரு நொடி அவன்தான் என்று தோன்றிவிட்டது. அதை நான் மன்னிக்கவே மாட்டேன். அவனை உற்றுப் பார்த்தேன். கங்கோல்ஃபுக்கு இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு உண்டு. இவனுக்கு இல்லை. கக்கத்தில் உங்கள் புத்தகம்.

வெளியே இழுத்துக்கொண்டு வந்தேன். "யாருடா நீ?" என்றேன். அவன் கண் கலங்கி நிற்கிறான்! "பாவங்க. ‘கங்கோல்ஃபா?’ன்னு கேட்டாங்க. மனசு கேக்கல. ‘ஆமாம்மா, நான்தான்’னு சொல்லிட்டேன். ஒரு வார்த்தைதானே. வயசானவங்க நிம்மதியா இருக்கட்டுமேன்னு" என்கிறான். அவன் ஊரில் பள்ளிக்கூட வாத்தியாராம். அடித்தேன். மண்வெட்டி எடுத்திருப்பேன், கைக்கு அது கிடைக்கவில்லை.

உள்ளே வந்தேன். உண்மையைச் சொல்லத்தான் வந்தேன். அம்மா முகம் இருந்த இருப்பைப் பார்த்ததும் மேசைமேலிருந்த தட்டை எடுத்துக் கழுவ ஆரம்பித்தேன். "எங்க அவன்? மேல படுத்துட்டானா? களைப்பா இருப்பான், எழுப்பாதே" என்றாள். அப்புறம், "வால்புர்கா, எல்லாரும் வந்தாச்சு. கதவப் பூட்டு."

கடைத்தெருவுக்குப் போய்ப் பூட்டு வாங்கி வந்து பூட்டினேன். கதவில் பூட்டு மாட்டும் வளையம்கூட இல்லை. அதையும் வாங்கி நானே அறைந்தேன். இத்தனை வருஷக் காத்திருப்பை ஒரு வெங்காயத்தைத் தின்றுவிட்டு முடித்து வைத்துவிட்டுப் போய்விட்டான் உங்கள் வாசகன்.

நிலவறைமேல் உங்களுக்குக் கொடுத்த ‘நீ’யை இதோடு திரும்ப எடுத்துக்கொள்கிறேன். கொடுத்தவள் நான், எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை உண்டு. இனி நீங்கள் எனக்கு ‘நீங்கள்’தான்.

வால்புர்கா நொய்டெக்கர்


லூபெக்,
14 செப்டம்பர் 1998

மதிப்புக்குரிய வால்புர்கா அம்மையாருக்கு,

இந்த முதல் வரியை எழுத எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. விவாகரத்தான கணவரைக்கூட நான் இன்னும் ‘நீ’ என்றுதான் கூப்பிடுகிறேன். கொடுத்த ‘நீ’யைத் திருப்பி வாங்கிய ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை. நீங்கள் அறைந்தது அந்த வாத்தியாரை அல்ல, என்னைத்தான் என்று புரிகிறது.

அந்த ஆள் செய்தது அயோக்கியத்தனம். நான் அப்படிச் செய்யச் சொல்லி எழுதவில்லை. உள்ளே போய்ச் சாப்பிடச் சொல்லியும் எழுதவில்லை.

அடுத்த பதிப்பில் ஒன்பதாம் எண் இருக்காது. பதிப்பகத்தாரிடம் சண்டை போட்டு வாங்கியிருக்கிறேன். என் பெயரை எடுத்துவிடுவேன் என்றதும் இறங்கி வந்தார்கள். வசந்தத்தில் புதிய பதிப்பு. பதின்மூன்று இடங்கள்.

இன்னும் ஒன்று எழுதலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. எழுதிவிடுகிறேன், என்னிடம் இனி இழப்பதற்கு என்ன இருக்கிறது? உங்கள் அம்மா நிம்மதியாகத் தூங்குகிறாரா? தூங்குகிறார் என்றால் நம் இருவரில் யாரால் அவருக்கு அது கிடைத்தது?

ஹென்ரிக்கே ஃபோல்ராத்


பாம்பெர்க்,
22 நவம்பர் 1998

மதிப்புக்குரிய ஃபோல்ராத் அம்மையாருக்கு,

அம்மா போய்விட்டாள். சகல ஆத்துமாக்கள் திருநாள் முடிந்த வாரம். உங்களுக்கு வேறு யாரோ சொல்லி நீங்கள் ரயிலேறி வந்து நிற்கக் கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன். வராதீர்கள். பூவும் அனுப்பாதீர்கள், பூ எங்களிடமே விளைகிறது.

கேட்டீர்களே, நிம்மதியாகத் தூங்கினாளா என்று. தூங்கினாள். கடைசி இரண்டு மாதம் கங்கோல்ஃப் மாடியில் இருப்பதாகவே இருந்தாள். நான் இரண்டு பேருக்குச் சமைத்து மூன்று தட்டு வைத்தேன். "அவனுக்கு சூப்ல உப்பு கூடப் போடு" என்பாள். போட்டேன். மூன்றாம் தட்டை எடுத்துப்போய் உரக்குழியில் கொட்டினேன். இதற்குப் பெயர் நிம்மதி என்றால் அதை உங்கள் புத்தகத்தில் போட்டுக்கொள்ளுங்கள், இடம் காலியாக இருக்கிறதே.

பூட்டியும் உங்கள் ஆட்கள் விட்டபாடில்லை. அக்டோபரில் ஒரு மத்தியானம் வெங்காயச் சரம் பின்னிக்கொண்டிருந்தேன். வெளியே யாரோ கதவோடு மல்லுக்கட்டுகிறார்கள். கதவு கத்தவில்லை, பூட்டு மட்டும் கடகடவென்று ஆடுகிறது. நிறுத்தினார்கள், மறுபடி ஆட்டினார்கள், மறுபடி நிறுத்தினார்கள். போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று கத்தியைக் கீழே போட்டேன். அம்மா உள்ளேயிருந்து, "விடுடி. யாரோ எவரோ. நம்ம ஆளுங்க எல்லாரும் உள்ளதான் இருக்கோம்" என்றாள். சரியென்று உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது.

சாகும்போது அவள் அவன் பெயரைச் சொல்லவில்லை. வந்துவிட்டவனை எதற்குக் கூப்பிடுவாள்? எனக்கு அதுதான் தாங்கவில்லை.

இனி எழுத ஒன்றும் இல்லை.

வால்புர்கா நொய்டெக்கர்


லூபெக்,
17 பிப்ரவரி 1999

மதிப்புக்குரிய வால்புர்கா அம்மையாருக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதாமல் இருக்க முடியாத ஒரு காரணம் வந்துவிட்டது.

புதிய பதிப்புக்காகப் பதிப்பகத்தார் வாசகர்களின் திருத்த அட்டைகளை மூட்டையாக அனுப்பினார்கள். நம் ஜனங்களை உங்களுக்குத் தெரியும். நடையை ரசித்தேன் என்று எழுத மாட்டார்கள். பாலத்துக்கு எத்தனை வளைவு, நீங்கள் ஒன்று குறைத்துவிட்டீர்கள் என்று எழுதுவார்கள். ஒவ்வொன்றாகப் பார்த்து ஒதுக்கிக்கொண்டே வந்தேன். ஒரு அட்டையை ஒதுக்கிய பிறகு மறுபடி எடுத்தேன். அதை அப்படியே எழுதுகிறேன்:

"தங்கள் புத்தகத்தில் ஒன்பதாம் இடத்தில் மூன்று பிழைகள் உள்ளன. ஒன்று: சுரூபத்தை இறக்கி வைக்கவில்லை. மழை பெய்திருந்தது, கால் வழுக்கித் தோளிலிருந்து நழுவியது. இரண்டு: கதவை வெறுமனே தள்ளக் கூடாது. அடிச் சட்டத்தை முழங்காலால் சற்றே தூக்கிக்கொண்டு தள்ள வேண்டும், அப்போது சத்தம் வராது. மூன்று: கதவு பூட்டப்படுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பூட்டியிருக்கிறது. அக்டோபர் 14 பிற்பகல் நேரில் பார்த்தேன். அடுத்த பதிப்பில் திருத்தவும்."

கையொப்பம் இல்லை. முகவரி இல்லை. அஞ்சல் முத்திரை பாம்பெர்க் ரயில் நிலையம், அதே நாள்.

உங்கள் வீட்டுக்கு நான் எத்தனையோ தடவை வந்திருக்கிறேன், எப்போதும் வீட்டு முன்வாசல் வழியாகத்தான், தோட்டத்துக் கதவு வழியாக அல்ல. முழங்கால் விஷயம் எனக்குத் தெரியாது. "எங்களுக்கு அது கைவந்த வேலை" என்று நீங்கள் ஒரு கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அது இதுதானா?

இல்லை என்று எழுதுங்கள். யாரோ கிறுக்கன் என்று எழுதுங்கள், நான் நம்புகிறேன். அட்டையையும் இதோடு வைத்திருக்கிறேன். பதிப்பு இன்னும் அச்சுக்குப் போகவில்லை. ஒன்பதாம் எண்ணை எடுத்தாயிற்று.

வால்புர்கா, இந்த ஒரு கடிதத்துக்காவது உங்களை ‘நீ’ என்று கூப்பிட விடுங்களேன். இதை ‘நீங்கள்’ போட்டு எழுத என்னால் முடியவில்லை.

ஹென்ரிக்கே


பாம்பெர்க்,
21 பிப்ரவரி 1999

மதிப்புக்குரிய ஃபோல்ராத் அம்மையாருக்கு,

இதுதான். அப்பா, அம்மா, நான், அவன், நாலு பேருக்குத்தான் அந்த முழங்கால் தெரியும். அவன்தான் கண்டுபிடித்தான், பதினாறு வயதில், குடித்துவிட்டு நேரம் கழித்து வரும்போது அம்மா காதில் விழாமல் இருக்க. அப்புறம் நாங்கள் எல்லாரும் பழகிக்கொண்டோம்.

கையெழுத்தும் அவனுடையதுதான். இன்னும் அப்படியே பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல எழுதுகிறான்.

கதவு கத்தவில்லை, பூட்டு மட்டும் ஆடியது என்று நானே என் கையால் உங்களுக்கு எழுதியிருக்கிறேன். எழுதும்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. முற்றத்தைத் தாண்டினால் கதவு. கத்தியைக் கீழே போட்டுவிட்டேன், எழுந்துகூட விட்டேன். அம்மா உயிரோடு இருந்தாள். அவளே "விடுடி" என்றாள்.

நழுவியதாம். அப்பா அன்றைக்கு அவன் வேண்டுமென்றே இறக்கி வைத்தான் என்றார். முந்தின நாள் ராத்திரி தோட்டம் எனக்கு வேண்டாம் என்று சண்டை போட்டிருந்தான், அதனால் நாங்களும் அப்படியே நம்பினோம். ஊரும் அப்படியே சொன்னது. உங்களுக்கும் நான் அப்படியே சொன்னேன். மழை பெய்ததா என்று ஒருத்தரும் அவனைக் கேட்கவில்லை. இப்போது நினைத்துப் பார்க்கிறேன், பெய்திருந்தது.

கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்பதாம் எண்ணை எடுக்காதீர்கள். திரும்பப் போடுங்கள். அவன் சொன்ன முதல் இரண்டு பிழைகளையும் அவன் சொன்னபடியே திருத்துங்கள். சுரூபம் நழுவியது என்று போடுங்கள். கதவை முழங்காலால் தூக்கித் திறக்க வேண்டும் என்று போடுங்கள், வருகிறவன் போகிறவன் எல்லாரும் தெரிந்துகொள்ளட்டும், பரவாயில்லை. மூன்றாவது பிழையை மட்டும் நான் திருத்திவிட்டேன். பூட்டையும் வளையத்தையும் நேற்றே பிடுங்கி ஆற்றில் எறிந்துவிட்டேன். கதவு பூட்டப்படவில்லை என்று நீங்கள் முதலில் எழுதியபடியே இருக்கட்டும். அவன் ஒரு தடவை அந்தப் புத்தகத்தை வாங்கினான். திருத்தினார்களா என்று பார்க்க மறுபடி வாங்குவான், அவன் அப்படிப்பட்டவன்தான்.

அம்மா இறந்ததைப் போடாதீர்கள். அதை நான் சொல்லிக்கொள்கிறேன்.

‘நீ’ கேட்டிருந்தீர்கள். அது வேறு. அது கிடையாது.

இன்று காலையிலேயே இரண்டு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கதவு கத்தியது. வெளி ஆட்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை, பார்த்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். அம்மா சத்தத்துக்காகக் காத்திருந்தாள், அறைக்குள் உட்கார்ந்தே காத்திருக்க முடிந்தது. எனக்கு அப்படி முடியாது. அவன் வந்தால் கதவு கத்தாது. அதனால் நாற்காலியை முற்றத்தில் போட்டுக் கதவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறேன். முள்ளங்கி விதைக்க வேண்டும், குனிந்தால் கதவு தெரியவில்லை.

வால்புர்கா நொய்டெக்கர்